எஃகுச் சிலிண்டருக்குள் ஒரு கரண்டித் தண்ணீர்

இங்கிலாந்தின் குளிர்ந்த நீரில், முதுகில் கட்டிய சிலிண்டரின் காற்றைச் சுவாசித்தபடி மூழ்குபவர்கள் பலர் 12 லிட்டர், 232 பார் (பார் என்பது அழுத்த அலகு; வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார்) எஃகுச் சிலிண்டரையே விரும்புகிறார்கள். காற்று குறையக் குறைய அலுமினியச் சிலிண்டர் மேலே மிதக்கப் பார்க்கும். எஃகில் அந்தத் தொல்லை குறைவு என்பதால், மிதக்காமலிருக்க இடுப்பில் கட்டும் ஈயமும் குறைகிறது. அதற்கு ஈடாக நாம் ஏற்றுக்கொள்வது துருவை.

புதிதாக மூழ்க வருபவர்கள் வெளிப்பூச்சில் விழுந்த கீறலுக்குப் பதறுகிறார்களே தவிர, உள்ளே நிற்கும் ஒரு கரண்டித் தண்ணீரை நினைப்பதில்லை. நிரப்பிய சிலிண்டருக்குள் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு) ஏறத்தாழ 48 பார், அதாவது நாம் வெளியில் சுவாசிக்கும் காற்றில் இருப்பதைப் போல இருநூறு மடங்குக்கும் மேல். அங்கே ஈரம், அதிலும் உப்பு ஈரம், சேர்ந்துவிட்டால் துரு விரைந்து பிடிக்கும். துருப்பிடித்தல் ஆக்சிஜனை உட்கொள்ளும் வினை என்பதால், மாதக்கணக்கில் மூடிக் கிடந்த சிலிண்டரின் காற்றில் ஆக்சிஜன் குறைந்திருக்கக்கூடும். நிறமோ மணமோ அதைக் காட்டிக்கொடுக்காது. நெடுநாள் கிடந்த காற்றை ஆக்சிஜன் அளவி வைத்துப் பார்க்காமல் நான் சுவாசிப்பதில்லை.

தண்ணீர் உள்ளே போவது பெரும்பாலும் நிரப்பும் இடத்தில்தான். வால்வின் வாயிலோ நிரப்பும் குழாயின் முனையிலோ தங்கிய துளிகளை அழுத்தக் காற்று அப்படியே உள்ளே தள்ளிவிடும். ஆகவே இணைப்பதற்கு முன் இரண்டையும் ஒரு கணம் திறந்து ஊதிவிட வேண்டும். காற்றை அழுத்தி நிரப்பும் கம்ப்ரசரின் வடிகட்டி காலாவதியாகி இருந்தாலும் ஈரக்காற்றுதான் ஏறும். நீருக்கடியில் சிலிண்டரை முழுவதும் காலி செய்வதும் கூடாது. வீட்டில் வைக்கும்போது 20 பார் அளவில் காற்றை விட்டு நிமிர்த்தி வைக்கிறேன்: அடிப்பகுதி பக்கச் சுவரைவிடத் தடிமனானது, எஞ்சிய ஈரம் அங்கே தங்குவதில் ஆபத்து குறைவு. அடியில் மாட்டும் ரப்பர் பூட் உப்புநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு கடல் மூழ்கலுக்குப் பிறகும் அதைக் கழற்றி நல்ல நீரில் அலசுவது அவசியம்.

ரெகுலேட்டரின் (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும் அழுத்தத்துக்குக் குறைத்துத் தரும் கருவி) முதல் நிலையில், அதாவது சிலிண்டர் வால்வில் பொருந்தும் பகுதியில், உள்ள வடிகட்டி செம்பழுப்பாக மாறியிருந்தால் சிலிண்டருக்குள் துரு இருப்பதாகவே கொள்ளலாம். மெல்லிய மேல்துருவாக இருந்தால், சோதனை நிலையத்தில் செராமிக் துகள்களைப் போட்டு உருட்டித் தேய்த்து, வெந்நீரில் கழுவி, உடனே சூடான உலர்காற்றால் உலர்த்திவிடுவார்கள். உலர்த்தத் தாமதித்தால் கண்முன்னே மறுபடி துரு படியும். குழி விழுந்திருந்தால் சுவரின் தடிமனை ஆய்வாளர் அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் அமிலம் ஊற்றிப் பார்ப்பதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். வெளியே கால்வனைஸ் (துத்தநாக) பூச்சு உரிந்த இடத்தைத் தேய்த்துத் துத்தநாகம் மிகுந்த பெயிண்டைப் பூசலாம். ஆனால் அடுப்பில் வைத்துச் சுடும் பூச்சு வேண்டாம்.

இங்கே கண்பார்வைச் சோதனை இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறையும், நீரழுத்தச் சோதனை 5 ஆண்டுக்கு ஒருமுறையும் நடக்கின்றன. கடல்நீர் உள்ளே போய்விட்டது என்று தெரிந்தால் அந்தத் தேதிகளுக்குக் காத்திராமல், அந்த வாரமே வால்வைக் கழற்றக் கொடுத்துவிட வேண்டும்.