உப்புத் தண்ணீர்க் கணக்கை மொட்டை மாடியில் செய்து பார்த்தேன்

ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கு உப்புத் தண்ணீர் ஓடும்போது உப்பின் அளவு நேரத்தோடு எப்படி மாறும் என்று கேட்கும் தொட்டிக் கணக்கில் சமன்பாடு எழுதுவது எனக்குச் சிரமமாக இருந்ததில்லை. உள்ளே வரும் உப்பிலிருந்து வெளியே போகும் உப்பைக் கழித்தால் மாறும் வேகம் கிடைத்துவிடும். ஆனால் இரண்டு ஐகன் மதிப்புகளும் (இந்தக் கணக்கில், ஒவ்வொரு தொட்டியும் தன் உப்பை இழக்கும் விகிதம், கழித்தல் குறியோடு) ஒன்றாக இருந்தால் விடையில் நேரமும் ஒரு பெருக்கலாக வந்து உட்காருமே, அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் பிடிபடவில்லை. மனப்பாடம் செய்து கடக்க மனம் வரவில்லை. சேலத்தில் எங்கள் வீட்டு மாடியிலேயே செய்து பார்க்க இறங்கினேன்.

பெரிய பக்கெட் இரண்டு. ஒவ்வொன்றிலும் 20 லிட்டர் மட்டத்தில் துளை போட்டுக் குழாய் செருகி, முதலாவதைப் படி மேல் வைத்தேன். அதில் நிரம்பி வழிவது இரண்டாவதுக்கு, அதில் வழிவது சாக்கடைக்கு. மாடித் தொட்டிக் குழாயை நிமிடத்துக்கு 1 லிட்டர் வரும்படி திருகி வைத்தேன்.

போர் தண்ணீரில் இதைச் செய்ய முடியாது. எங்கள் தெருவில் அதிலேயே உப்பு அதிகம், நாம் போடும் உப்பு அதற்குள் மறைந்துவிடும். அதனால் மேட்டூர் தண்ணீர் வரும் நாள்வரை காத்திருந்து தொட்டியை நிரப்பிக்கொண்டேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் அதற்குக் காட்டிய அளவை எல்லா அளவிலிருந்தும் கழித்துக்கொண்டால் போதும்.

40 கிராம் தூள் உப்பைக் கரைத்து முதல் பக்கெட்டில் ஊற்றினால், லிட்டருக்கு 2 கிராம், அதாவது சுமார் 2000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2000 பங்கு). அப்புறம் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் கனமானது, கலக்காவிட்டால் அடியில் தங்கிவிடும், மேலே வழிவது நல்ல தண்ணீராகவே போகும். புத்தகத்தில் 'நன்கு கலக்கப்பட்ட' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அந்த வார்த்தைக்காக என் தம்பியும் நானும் மாறி மாறிக் கை வலிக்கக் கலக்கினோம்.

முதல் பக்கெட்டில் அளவு இறங்கிக்கொண்டே போனது. இரண்டாவதில் ஏறி, ஏறும் வேகம் குறைந்து, ஓர் உச்சத்தைத் தொட்டு இறங்கியது. கணக்குப்படி உச்சம் 20ஆவது நிமிடத்தில், 736 பிபிஎம். மீட்டர் அதை ஒட்டியே வந்தது. அந்த நேரத்தில் முதல் பக்கெட்டிலும் அதே அளவுதான்! வருவதும் போவதும் சமமானால்தானே ஏற்றம் நிற்கும்.

அங்கேதான் விஷயம் புரிந்தது. இரண்டாவது பக்கெட் தன் உப்பை எந்த விகிதத்தில் இழக்கிறதோ, அதே விகிதத்தில்தான் அதற்கு வரும் உப்பும் தேய்கிறது. இரண்டாவது பக்கெட்டின் சமன்பாட்டை e^(t/20) என்ற அடுக்குக்குறிச் சார்பால் (t என்பது நிமிடத்தில் நேரம்) பெருக்கி அந்தத் தேய்வை நீக்கிப் பாருங்கள், வலப்பக்கம் வெறும் மாறிலிதான் மிஞ்சும். மாறிலியைத் தொகையிட்டால் நேரம் வராமல் வேறென்ன வரும்?

சரி, விகிதங்கள் வேறானால்? இரண்டாவதாக 10 லிட்டர் பக்கெட்டை வைத்தேன். இப்போது ஐகன் மதிப்புகள் −1/20, −1/10. பெருக்கலாக வந்த நேரம் மறைந்து, இரண்டு அடுக்குக்குறிச் சார்புகளின் வித்தியாசம் மட்டுமே விடையில் நிற்கும். உச்சம் சுமார் 14ஆவது நிமிடத்திலேயே வந்துவிடும், 1000 பிபிஎம். முதல் பக்கெட்டும் அப்போது சரியாகப் பாதிக்கு இறங்கி, அதே 1000-இல் நிற்கும்.