இரண்டு ஸ்டூல்கள்

ராயபுரம் பெரியப்பா போய் இன்றோடு பதினாறு நாள். 1971 போரில் மெட்ராஸ் ரெஜிமென்ட் சிப்பாய், பிறகு எம்.சி. ரோட்டில் முப்பது வருடம் ஜவுளிக் கடை. போரைப் பற்றிக் கேட்டால், "டிசம்பர் 16, டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது, மொத்தம் 93,000 பேர். எனக்கு அன்றைக்குக் காலெல்லாம் கொப்புளம்" என்பதோடு சரி. ஆனால் யார் வீட்டில் வரன் பார்க்கிறார்கள், காசிமேட்டில் வஞ்சிரம் என்ன விலை என்று ஆரம்பித்தால் டீ ஆறிவிடும்.

கல்லாவுக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு ஸ்டூல்கள் கிடக்கும், துணி வாங்க வராதவர்களுக்காக. வியாபாரத்துக்கு நஷ்டம்தான், பெரியம்மா கடைசிவரை அதைச் சொல்லிக்காட்டினார். கடையை விற்றபோது பெரியப்பா ஸ்டூல்களை மட்டும் ரிக்‌ஷாவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

நேற்று மாலை அதில் ஒன்றில் மீன்காரம்மா வந்து உட்கார்ந்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டு, காலியாக இருந்த இன்னொரு ஸ்டூலைப் பார்த்து வஞ்சிரம் விலையைச் சொன்னார்.