பதினேழாம் நூற்றாண்டு படுத்தவில்லை, பத்தொன்பதாம் நூற்றாண்டுதான் படுத்தியது

என் கணவருடைய தாயார், 1635இல் மாசசூசெட்ஸில் வந்திறங்கிய ஓர் ஆங்கிலேயக் குடியேறியின் நேர் வாரிசு என்பதை, இங்குள்ள வம்சாவளிச் சங்கம் ஒன்று ஒருவழியாகச் சென்ற மாதம் ஏற்றுக்கொண்டது. விண்ணப்பம் அவருடையது, அலைச்சல் முழுவதும் என்னுடையது. அமெரிக்கக் குடும்பங்களில் மணம் முடித்த நம்மவர்கள் சிலர் இதே வேலையில் இறங்க நினைக்கிறார்கள். அவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, நானூறு ஆண்டுப் பழைய தாள்கள் எங்கே கிடைக்கும் என்பதைத்தான். அது ஒரு சிக்கலே அல்ல. சிக்கல் 1780க்கும் 1850க்கும் இடையில் இருக்கிறது.

1620 முதல் 1640 வரை ஏறத்தாழ 20,000 ஆங்கிலேயர், மாசசூசெட்ஸ் உள்ளிட்ட அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்துப் பகுதியில் குடியேறினார்கள். மாசசூசெட்ஸ் ஆட்சி மன்றம் 1639இலேயே பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிய உத்தரவிட்டது. ஊர்ப் பேரேடு, திருச்சபை உறுப்பினர் பட்டியல், உயில், நிலப் பத்திரம், வழக்குத் தாள் என்று அவர்கள் எழுதிக் குவித்ததை 1845இல் தொடங்கப்பட்ட பாஸ்டன் வம்சாவளிக் கழகம் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து வந்திருக்கிறது. 1635 வரை வந்தவர்களைப் பற்றி ராபர்ட் சார்லஸ் ஆண்டர்சன் தலைமையில் தனித்தனிக் குறிப்புகளும் வெளியாகியுள்ளன. எனவே முதல் நான்கு தலைமுறைகளின் சான்றுகள் பெரும்பாலும் வீட்டில் இருந்தபடியே கிடைத்துவிட்டன.

அந்த எளிய பகுதியிலும் ஒரு பயணம் வீணானது. எங்கள் குடியேறி, இன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இருக்கும் ஒரு கடலோர ஊரில் குடியமர்ந்தவர். அவருடைய நிலப் பத்திரத்தைப் பற்றித் தொலைபேசியில் விசாரித்தபோது, அங்கிருந்த எழுத்தர், ஊர் தோன்றிய நாளிலிருந்து எல்லாத் தாள்களும் தம்மிடமே இருப்பதாக உறுதியாகச் சொன்னார். பனிக்காலத்தில் கார் ஓட்டிக்கொண்டு போய் நின்றால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான ஊர் வரலாறு ஒன்றின் ஒளிநகலை எடுத்து நீட்டினார். அவர் சொல்லாமல் விட்ட செய்தி இது: 1643இல் அமைந்த பழைய நார்ஃபோக் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) சாலிஸ்பரி, ஹேவரில், ஹாம்ப்டன், எக்ஸெட்டர், டோவர், போர்ட்ஸ்மத் ஆகிய ஊர்கள் ஒன்றாக இருந்தன. 1679இல் நியூ ஹாம்ப்ஷயர் தனி மாகாணமாக அறிவிக்கப்பட்ட பிறகு அந்தக் கவுண்டி கலைந்துபோய், அதன் பத்திரப் பேரேடுகள் மாசசூசெட்ஸின் சேலம் நகரில் எஸ்ஸெக்ஸ் கவுண்டியோடு சேர்ந்துவிட்டன. பாஸ்டனுக்குத் தெற்கே இன்று இருக்கும் நார்ஃபோக் கவுண்டி 1793இல் புதிதாக உருவானது. பெயரைத் தவிர இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. யாராவது உங்களை அங்கே அனுப்பினால் போகாதீர்கள்.

அடுத்த தகராறு நாட்காட்டியால் வந்தது. ஆங்கிலேயக் குடியேற்றங்களில் 1752 வரை புத்தாண்டு மார்ச் 25ஆம் தேதியில்தான் பிறந்தது. ஆகவே 1666 ஏப்ரலில் மணந்தவர்களுக்கு 1666 பிப்ரவரியில் குழந்தை பிறந்ததாகப் பேரேடு சொன்னால், அது திருமணமாகிப் பத்து மாதம் கழித்து, நம் கணக்கில் 1667இல் பிறந்த குழந்தை. முறைப்படி 1666/67 என்று சாய்கோடிட்டு எழுத வேண்டும். சங்கத்தின் இணையப் படிவமோ சாய்கோட்டை ஏற்க மறுத்தது. ஒற்றை ஆண்டை இட்டு, விளக்கத்தைத் தனித்தாளில் இணைத்தேன். இணைப்பைத் திறந்துகூடப் பார்க்காத பரிசோதகர், குழந்தை திருமணத்துக்கு முன்பே பிறந்திருப்பதாகத் தெரிகிறதே என்று விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினார். பதினேழாம் நூற்றாண்டு வம்சாவளியையே தொழிலாகக் கொண்ட சங்கத்தில் இப்படி ஒரு கேள்வி எழுந்ததை என்னால் இன்னும் சீரணிக்க முடியவில்லை. (உண்மையிலேயே குழந்தை சீக்கிரம் பிறந்திருந்தால் அந்தக் காலத்து நீதிமன்றம் தம்பதியருக்கு அபராதமோ கசையடியோ விதித்திருக்கும், அந்த வழக்குத் தாள் நமக்கு இன்னொரு சான்றாகியிருக்கும்.)

மாமியார் வீட்டுக் கூடத்தில் ஒரு குலச்சின்னம் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கிறது. குடியேறி ஓர் ஆங்கிலப் பிரபு வம்சத்தவர் என்று சொல்லும் பழைய குடும்ப நூலும் உடன் இருக்கிறது. அதைச் சான்றாக இணைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்வதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. வசதி படைத்த அமெரிக்கக் குடும்பங்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு இல்லாத மூதாதையரை உண்டாக்கித் தந்தவர்கள் அந்நாளில் இருந்தார்கள். அவர்களில் பெயர்போனவர் 1942இல் மறைந்த குஸ்டாவ் ஆஞ்சு. அவர் புனைந்த வம்சாவளிகள் இன்றும் இணையத்துக் குடும்ப மரங்களில் உலவுகின்றன. இங்கிலாந்துக் கோயிற்பற்றுப் பதிவேடுகள் 1538 முதல் இருந்தாலும், கப்பல் பயணிகளின் பட்டியல்களில் எஞ்சியவை மிகச் சிலவே என்பதால், குடியேறிகளில் பலருக்குச் சொந்த ஊர் எது என்றே உறுதியாகவில்லை. எங்களவரும் அப்படித்தான். சங்கத்துக்கு அவர் இங்கே வந்த பிறகான சான்று மட்டும் போதும் என்பது நல்லவேளையாயிற்று.

இனி உண்மையான தலைவலிக்கு வருகிறேன். அமெரிக்கச் சுதந்திரப் போருக்குப் பிறகு நியூ இங்கிலாந்துக் குடும்பங்கள் பல, கல்லும் கரடுமான நிலத்தை விட்டு மேற்கு நியூயார்க்குக்குப் பெயர்ந்தன. அங்கே மாநிலம் தழுவிய பிறப்பு, இறப்புப் பதிவு 1880களில்தான் தொடங்கியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் 1850க்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். மற்றவர்கள் வயதுவாரியான வெறும் எண்ணிக்கைதான். போரில் பங்கேற்ற ஒரு தந்தைக்கும், நியூயார்க்கில் குடியேறிய அவர் மகனுக்கும் இடையிலான உறவைக் காட்ட எந்தப் பேரேட்டிலும் ஒரு வரிகூட இல்லை. அங்கே ஓர் ஊர் அலுவலகம் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, பல வாரங்கள் கழித்து, பதிவு ஏதுமில்லை என்று ஒற்றை வரிக் கடிதம் அனுப்பியது. எரிச்சலில் அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். நேரடிப் பதிவு இல்லை என்பதற்கு அத்தாட்சி இருந்தால்தான் சங்கம் சுற்றுவழிச் சான்றுகளைப் பரிசீலிக்கிறது.

சுற்றுவழி திறந்தது ஓய்வூதியக் கோப்பில். 1794க்கு முன் மணமான போர்வீரர்களின் விதவைகளுக்கு 1838ஆம் ஆண்டுச் சட்டம் ஓய்வூதியம் தந்தது. திருமணத்தை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு விதவையுடையது. அதற்காகப் பலர் குடும்ப பைபிளிலிருந்து பிறப்பு, திருமணம் எழுதிய தாளையே கிழித்து அனுப்பினார்கள். தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள அந்தக் கோப்புகள் இன்று மின்வடிவில் கிடைக்கின்றன. எங்கள் போர்வீரரின் மனைவியும் தாளைக் கிழித்து அனுப்பியிருந்தார். பிள்ளைகள் அத்தனை பேரின் பெயரும் பிறந்த தேதியும் அதில் வரிசையாக இருந்தன. நள்ளிரவில் அதைக் கண்டவுடன் மாமியாரைத் தொலைபேசியில் எழுப்பினேன். தேடுபவர்களுக்கு ஒரு சொல்: சுருக்கப் பதிப்பில் நிறுத்திவிடாமல் முழுக் கோப்பையும் கடைசிப் பக்கம் வரை புரட்டுங்கள், பைபிள் தாள்கள் முழுக் கோப்பில்தான் இருக்கும்.

பரிசோதகர் அதற்கும் மசியவில்லை. அதே பெயரில் பக்கத்து ஊரில் இன்னொருவர் இருக்கிறாரே, இவர்தான் அந்த மகன் என்பதற்கு என்ன ஆதாரம் என்றார். கேள்வி நியாயமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். விடை, தந்தையின் நிலம் விலைபோன காலத்துப் பத்திரத்தில் கிடைத்தது. நம் ஊரில் உடன்பிறந்தவர்கள் எழுதித் தரும் விடுதலைப் பத்திரம் போலவே, வாரிசுகள் எல்லாரும் தத்தம் பங்கை மூத்தவருக்கு விட்டுக்கொடுத்துக் கையொப்பமிட்டிருந்தார்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் அவர் வசித்த ஊரும் கவுண்டியும் இருந்தன. உயில் இல்லை என்று கைவிடுவதற்கு முன், இறப்புக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளுக்காவது பத்திரங்களின் அகரவரிசைப் பெயர்ப் பட்டியலை, கொடுத்தவர் வரிசையிலும் வாங்கியவர் வரிசையிலும் பார்த்துவிடுங்கள்.

ஏற்பு ஆணையோடு ஓர் எண்ணும் வந்தது. இனி மாமியாரின் உடன்பிறந்த தங்கை விண்ணப்பித்தால் அந்த எண்ணைச் சுட்டித் தம் பிறப்புச் சான்றிதழை மட்டும் இணைத்தால் போதும். மேற்படி தலைமுறைகளுக்கு எதையும் மறுபடி காட்ட வேண்டியதில்லை. அவருக்கோ இதில் எள்ளளவும் ஆர்வமில்லை.