சனிக்கிழமைச் சம்பளம்

கட்டட கான்ட்ராக்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு வாரத்திலேயே பெரிய நாள் சனிக்கிழமைதான். நாகர்கோவிலைச் சுற்றி எங்களுக்கு எப்போதும் இரண்டு மூன்று சைட்டில் வேலை நடக்கும். கொத்தனார், கையாள், சித்தாள், கம்பி கட்டுகிறவர், சென்ட்ரிங் ஆட்கள் என எல்லாருக்கும் வாரச் சம்பளம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி ஆள் கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். யாருக்கு எத்தனை நாள், யார் அரை நாள், யார் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார் என்று பார்த்து, பிடிக்க வேண்டியதைப் பிடித்து, சனிக்கிழமை மத்தியானத்துக்குள் நான் கவர் போட்டு வைக்க வேண்டும். இப்போது பாதிப் பேருக்கு ஜிபே, மீதிப் பேருக்குக் கையில் காசு.

வேதத்தின்படி, அதாவது பைபிளின்படி, வேலை செய்வது எப்படி என்று சபைக் கூட்டங்களில் பேசும்போது பொய்க்கணக்கு எழுதாதே, லஞ்சம் வாங்காதே, முதலாளி இல்லாத நேரத்திலும் ஒழுங்காக வேலை பார் என்று சொல்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால் கூலி கொடுக்கிற நாளைப் பற்றி வேதம் எவ்வளவு நேராகப் பேசுகிறது என்பதை இந்த மேசையில் உட்கார்ந்த பிறகுதான் நான் கவனித்துப் படித்தேன். உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில் மோசே சொல்வது: கூலிக்காரனுடைய கூலியை அவன் வேலை செய்த அன்றைக்கே, பொழுது போகுமுன் கொடுத்துவிட வேண்டும். காரணத்தையும் கூடவே சொல்கிறார். அவன் ஏழை, அந்தக் கூலியையே நம்பிக் காத்திருக்கிறான். அந்நியனாக இருந்தாலும் இதே சட்டம்தான். கொடுக்காவிட்டால் அவன் கர்த்தரை நோக்கி முறையிடுவான், அது உனக்குப் பாவமாக இருக்கும்.

இந்தியாவின் ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019-ஐப் படித்தபோது அதிலும் இதே ஒழுங்கைப் பார்த்தேன். தினக்கூலிக்கு அன்றைய ஷிப்ட் முடியும்போது, வாரக்கூலிக்கு வார விடுமுறைக்கு முந்தின வேலைநாளில், மாதச் சம்பளத்துக்கு அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள். மோசே சொன்ன பொழுது போகுமுன் என்பதும் ஷிப்ட் முடியும்போது என்பதும் ஒன்றுதான்.

நடைமுறை எப்படி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கையில் பணம் குறைவாக இருக்கிற வாரத்தில் யாருக்கு முதலில் போகிறது? வங்கித் தவணை தானாகவே கணக்கில் பிடித்துக்கொள்ளப்படும். சிமெண்ட் கடைக்குக் கொடுக்காவிட்டால் அடுத்த லோடு வராது. கம்பிக் கடைக்காரர் ஆபீசுக்கே வந்து உட்கார்ந்துவிடுவார். ஜேசிபிக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். சித்தாள் என்ன செய்வார்? "சரி, திங்கட்கிழமை பார்ப்போம்" என்று டிபன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். கேட்டுச் சண்டை போட முடியாதவர் என்பதாலேயே அவர் கடைசிக்குத் தள்ளப்படுகிறார். பல ஆபீசுகளில் இதைப் பார்த்துவிட்டேன். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. நெருக்குகிறவனுக்கு முதலில் கொடுப்பது மனித இயல்பு. அந்த இயல்பைத்தான் வேதம் தலைகீழாக மாற்றச் சொல்கிறது.

சனிக்கிழமைச் சம்பளம் திங்கட்கிழமைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் சைட்டில் வேலை பார்க்கும் வயதான சித்தாள் ஒருவர். என் அம்மாவைவிடப் பெரியவர். ஒரு வாரம் சம்பளம் தள்ளிப்போகும் போலிருந்தது. அவர் ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"மக்களே, இன்னைக்குக் கிடைக்கும் இல்லியா?"

"திங்கட்கிழமை காலையிலேயே தந்துருவோம் பாட்டி."

"திங்கட்கிழமை காலையில குழு இருக்கு மக்களே."

அவர் குழு என்று சொன்னது மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் குழு. ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் பத்துப் பதினைந்து பெண்கள் கூடுவார்கள், வசூல்காரர் வருவார். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து போட்டுக் கட்ட வேண்டும். கட்டி முடியும்வரை யாரும் எழுந்து போக முடியாது. கையில் காசில்லாமல் அங்கே போய் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரிகள் தன் தவணைக்காகச் சுருக்குப்பை அவிழ்ப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வெட்கத்துக்குப் பயந்து ஞாயிற்றுக்கிழமையே பத்து வட்டிக்கு வாங்குகிறவர்களும் உண்டு. மோசே எழுதிய வார்த்தையின் கனம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நமக்கு இரண்டு நாள் தாமதம் என்பது அவருக்கு ஒரு கடனும் அதன் வட்டியும். பெட்டி கேஷில் இருந்ததை எடுத்து, முதலாளியிடம் போனில் சொல்லிவிட்டு, அவருக்கும் கூட இருந்த மற்ற சித்தாள்களுக்கும் அன்றைக்கே கொடுத்தோம்.

மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் திராட்சத்தோட்ட உவமை வருகிறது. காலையில் வந்தவர்களுக்கும் சாயங்காலம் வந்தவர்களுக்கும் எஜமான் ஒரே கூலி கொடுக்கும் கதை. அதைப் பற்றிய பிரசங்கங்களில் எஜமானைப் பற்றிப் பேசுவார்கள், காலையிலேயே வந்து முறுமுறுத்தவர்களைப் பற்றிப் பேசுவார்கள், பதினோராம் மணி வேளையில் வந்தவர்களைப் பற்றிப் பேசுவார்கள். என் கண் போவது அங்கே ஒரே வசனத்தில் வந்து போகும் காரியக்காரன்மேல். சாயங்காலம் ஆனதும் எஜமான் அவனைக் கூப்பிட்டு, வேலையாட்களை அழைத்து, பிந்தி வந்தவர்கள் தொடங்கி முந்தி வந்தவர்கள்வரைக்கும் கூலி கொடு என்கிறார். பணம் அவனுடையது அல்ல. எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானிப்பதும் அவன் அல்ல. ஆனால் அந்தக் காசு அவன் கை வழியாகத்தான் போக வேண்டும், யாரிடமிருந்து தொடங்குவது என்ற வரிசையும் அவன் கையில்தான் நிறைவேறுகிறது. கணக்குப்பிள்ளைகள், கேஷியர்கள், சம்பளப் பட்டியல் போடுகிறவர்கள் எல்லாரும் அந்த வசனத்துக்குள் இருக்கிறோம். "நான் வெறும் கணக்கு எழுதுகிறவள், முடிவெடுப்பது முதலாளி" என்று சொல்லி நாம் ஒதுங்கிவிட முடியாது.

எங்கள் முதலாளியும் விசுவாசிதான், நல்ல மனிதர். அவரிடம் இந்த வசனத்தைக் காட்டித்தான் பேசினேன். அவர் மறுத்துப் பேசவில்லை, "எப்படிச் செய்யலாம், சொல்லும்மா" என்றார். அதிலிருந்து சில விஷயங்கள் மாறின. வாராவாரம் நான் எழுதும் செலவுப் பட்டியலில் முதல் வரி கூலி. முன்பு அது கடைசிக்கு முந்தின வரி. வியாழக்கிழமையே அந்தத் தொகை தனிக் கணக்குக்குப் போய்விடும், வேறு எதற்கும் அதைத் தொடுவதில்லை. இரண்டாம் சனி, நான்காம் சனி வங்கி கிடையாது என்பது 2015-லிருந்து எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் "பேங்க் லீவு" என்று கூலியைத் தள்ளிப்போடுவது எங்கள் தொழிலில் சகஜம், அதனால் காசை வெள்ளிக்கிழமையே எடுத்துவிடுவோம். சம்பளம் கொடுக்கும்போது சித்தாள்களில் தொடங்குவோம், பிறகு கையாள், அப்புறம் கொத்தனார், மேஸ்திரி, கடைசியில் சைட் இன்ஜினியரும் நானும்.

இன்னொன்று அரை நாள் தகராறு. எங்கள் ஊரில் இரண்டு பருவமழையும் உண்டு. காலை எட்டு மணிக்கு ஆள் வந்து, கலவை போட்டு, பதினொரு மணிக்கு மழை பிடித்துக்கொள்ளும். சிலர் அதைக் கால் நாள் என்று எழுதுவார்கள், சிலர் ஒன்றுமே எழுத மாட்டார்கள். வந்தவர் பஸ் செலவு செய்து வந்தார், வேறு வேலைக்கும் போக முடியவில்லை. அதனால் வேலை தொடங்கிவிட்டால் குறைந்தது அரை நாள் என்று முதலாளி எழுதியே கொடுத்துவிட்டார். கேட்பதற்குச் சின்ன விஷயம். மழைக்காலத்தில் ஒரு குடும்பத்தின் அரிசிக் கணக்கு அதில் இருக்கிறது.

உண்மையிலேயே பணம் இல்லாத வாரமும் வரும். பெரிய வேலையின் பில் மாதக்கணக்கில் பாஸ் ஆகாமல் கிடக்கும், வீடு கட்டுகிறவர் அடுத்த தவணையைத் தராமல் வெளிநாட்டிலிருந்து போனை எடுக்க மாட்டார். நீதிமொழிகள் 3-ஆம் அதிகாரம் இங்கே எனக்கு மிகவும் உதவியிருக்கிறது. "உன்னிடத்தில் பொருள் இருக்கையில் உன் அயலானை நோக்கி: நீ போய்த் திரும்பவா, நாளைக்குத் தருவேன் என்று சொல்லாதே." பொருள் இருக்கையில் என்றுதான் வசனம் சொல்கிறது. இல்லாததைக் கொடு என்று சொல்லவில்லை, இருக்கும்போது அலைய விடாதே என்கிறது. ஆகவே இல்லாத வாரத்தில் புதன்கிழமையே ஆட்களிடம் சொல்லிவிடுகிறோம். சனிக்கிழமை இவ்வளவுதான் வரும், மீதி இந்தத் தேதியில் என்று. இருப்பதை எல்லாருக்கும் பகிர்ந்து கொடுக்கிறோம். வேறு சைட்டுக்குப் போக நினைக்கிறவர் போகலாம், அதற்காக அவருடைய பாக்கியைப் பிடித்து வைப்பதில்லை. பாக்கியைக் காட்டி ஆளைக் கட்டிப் போடுவது இந்தத் தொழிலில் பழைய தந்திரம். அதை ஒரு கிறிஸ்தவ நிறுவனம் செய்யக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதற்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் வேறு மாதிரி. அங்கே மாதச் சம்பளம், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் எல்லாம் உண்டு. தொழிலாளியின் சம்பளத்தில் 12 சதவீதம் ஒழுங்காகப் பிடிப்போம். ஆனால் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய பணம் மாதக்கணக்கில் கட்டப்படாமல் வேறு செலவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த முதலாளி அறுப்பின் பண்டிகைக்குப் பெரிய தொகை கொடுப்பவர், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் தவறாதவர். கேட்டபோது, "பிறகு வட்டியோடு கட்டிக்கொள்ளலாம்" என்றார். தொழிலாளியின் பங்கைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பதைச் சட்டம் நம்பிக்கை மோசடியாகக் கருதுகிறது, வெறும் தாமதமாக அல்ல. யாக்கோபு 5-ஆம் அதிகாரத்தில், பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அது சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்று வருகிறது. அந்தப் பட்டியலை மாதாமாதம் அச்சடித்து எடுக்கும்போது எனக்கு அந்த வசனம் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்தேன், பலன் இல்லை, அங்கிருந்து வந்துவிட்டேன். வரும்போது ஆட்களுக்கு அவரவர் பி.எஃப். கணக்கின் யுஏஎன் எண்ணைப் போட்டுப் பாஸ்புக்கைப் போனில் பார்க்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

காணிக்கையும் தசமபாகமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆண்டவரே பரிசேயரிடம், நீதியையும் இரக்கத்தையும் செய்ய வேண்டும், தசமபாகத்தையும் விடாதிருக்க வேண்டும் என்றுதான் சொன்னார். ஆனால் தொழிலாளியிடம் பிடித்த பணத்திலிருந்து கொடுக்கும் காணிக்கையை நான் காணிக்கையாக எண்ண மாட்டேன்.

கட்டட வேலையில் இருப்பதால் எரேமியா 22-ஆம் அதிகாரம் எனக்கு மிக நெருக்கமானது. அங்கே ராஜாவாகிய யோயாக்கீம் அரண்மனை கட்டுகிறான். விசாலமான மேலறைகள், பெரிய பலகணிகள், கேதுருப் பலகை, சிவப்பு வர்ணப்பூச்சு. எல்லாம் அழகான வேலை. ஆனால் வேலை செய்தவனுக்குக் கூலி கொடுக்கவில்லை. அவனுடைய அப்பா யோசியாவைப் பற்றிக் கர்த்தர் சொல்வதைப் பாருங்கள்: அவன் சிறுமையும் எளிமையுமானவனுடைய நியாயத்தை விசாரித்தான், அப்படிச் செய்வதல்லவோ என்னை அறிகிற அறிவு. தேவனை அறிவது என்றால் என்ன என்பதற்கு எரேமியா கொடுக்கும் இந்த விளக்கத்தைவிடத் தெளிவானதை நான் படித்ததில்லை.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் பொறுப்பும் இருக்கிறது. 1806-ல் மிஷனரி ரிங்கல்தௌபே எங்கள் பக்கத்து மயிலாடிக்கு வந்த காலத்தில், தென் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதி மக்களிடம் சம்பளமே இல்லாமல் வேலை வாங்கும் ஊழிய முறை நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது அந்த வேலையிலிருந்து கிறிஸ்தவர்களுக்கு விலக்கு வேண்டும் என்று மிஷனரிகள் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. எங்கள் முன்னோர் கூலி இல்லாமல் வேலை செய்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று வீடும் கடையும் கட்டுகிற நிலைக்கு வந்திருக்கிறோம், ஆலயமும் கட்டுகிறோம். ஆலயக் கட்டட வேலையிலும் பிரதிஷ்டைக்குத் தேதி குறித்து, அழைப்பிதழ் அச்சடித்து, கொத்தனார் பாக்கியை மட்டும் பிறகு பார்ப்போம் என்று விடுகிற வழக்கத்தை நான் கண்டிருக்கிறேன். பிரதிஷ்டைக்கு முன் கூலிப் பாக்கி தீர வேண்டும் என்று சபைக் கமிட்டிகள் தீர்மானம் போட வேண்டும். பிரதிஷ்டை ஜெபத்தை அதற்குப் பிறகு ஏறெடுக்கலாம்.

இப்போது என் மேசையில் தீராமல் இருப்பது வடமாநில ஆட்களின் விஷயம். அவர்கள் எங்களிடம் நேரடியாக வேலை செய்வதில்லை, ஒரு லேபர் கான்ட்ராக்டர் மூலம் வருகிறார்கள். நாங்கள் அவருக்கு வாராவாரம் கொடுத்துவிடுகிறோம். அவர் ஆட்களுக்குச் சாப்பாட்டுக் காசு மட்டும் கொடுத்துவிட்டு, மீதியை ஊருக்குப் போகும்போது மொத்தமாகத் தருவதாகச் சொல்கிறார். எங்கள் வவுச்சரில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் 1970-ஆம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே, கான்ட்ராக்டர் கூலி கொடுக்கத் தவறினால் பிரதான முதலாளி கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்தது, கூலி கொடுக்கும்போது தன் ஆள் ஒருவரை அங்கே நிறுத்த வேண்டும் என்றும் சொன்னது. அந்நியனாக இருந்தாலும் என்று மோசே சொன்னதும் இவர்களைத்தான். ஒவ்வொருவருடைய வங்கிக் கணக்குக்கும் நாங்களே நேராகப் போட்டுவிட்டு, கான்ட்ராக்டருக்கு அவருடைய கமிஷனை மட்டும் கொடுக்கலாம் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். லேபர் கான்ட்ராக்டருக்கு அதில் இஷ்டமில்லை, வேறு இடம் பார்ப்பேன் என்கிறார். அவர் போனால் சென்ட்ரிங் வேலை நின்றுவிடும் என்று முதலாளிக்கு யோசனை. அடுத்த மாதம் புது ஒப்பந்தம் எழுத வேண்டும். அதில் இந்த வரி இல்லாமல் நான் தட்டச்சு செய்யப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன்.