வளர்ந்த பிள்ளைகளுக்குத் தடுப்பூசி: எங்கள் கிளினிக்கின் ஒன்றரை வருடம்

2024 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். பனியன் கம்பெனியில் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஓர் அம்மா மகளோடு எங்கள் கிளினிக்குக்கு வந்தார். மகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி இரண்டாவது டோஸ். தடுப்பூசி அட்டையில் தேதி எழுதிக் கொடுத்தது நான்தான். பிரிட்ஜில் மருந்து இல்லை. நான் உள்ளே இன்னொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் டோக்கன் போடும் பெண், "ஸ்டாக் வந்ததும் கூப்பிடறோமுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு விஷயம் தெரிந்ததே சாயங்காலம்தான். நாலு நாளில் மருந்து வந்தது. கூப்பிட்டால் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

இதை எழுதும்போதுகூட மனசு உறுத்துகிறது. ஒரு பிள்ளைக்கு ஊசி போட வைக்க எவ்வளவு பேச வேண்டியிருக்கிறது! பேசி, சம்மதித்து, பணத்தையும் எடுத்துக்கொண்டு வந்தவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

திருப்பூரில் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். மாமனார் ஆரம்பித்த கிளினிக். கைக்குழந்தைகளுக்கு ஊசி போடுவதில் எங்களுக்குப் பெரிய சிரமம் இருந்ததில்லை. ஒன்றரை வயது ஊசி, ஐந்து வயது ஊசி எல்லாம் அம்மாக்களுக்கே நாள் தெரியும். அதற்குப் பிறகு அட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது. பத்து வயதில் ஒரு டிடி (Td, ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் போடும் ஊசி), பதினாறு வயதில் ஒரு டிடி, பெண் பிள்ளைகளுக்கு இடையில் எச்பிவி. இந்த மூன்றையும் யாரும் கேட்டு வருவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. பத்தாம் வகுப்புப் பையன் ஸ்போர்ட்ஸ் சர்டிபிகேட்டுக்கு வருவான், கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். எட்டாம் வகுப்புப் பெண் வயிற்று வலி என்று வருவாள், மாத்திரை எழுதுவேன். வருடக்கணக்காக இப்படித்தான் போயிற்று. 2023 ஜனவரியில் சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் என்ற எச்பிவி ஊசி வந்து விலை குறைந்த பிறகுதான், இனியும் பேசாமல் இருந்தால் தப்பு என்று தோன்றியது. அந்த ஜூன் மாதம் ஆரம்பித்தோம்.

முதலில் செய்தது ஒன்றே ஒன்று. 10 முதல் 18 வயது வரை யார் எதற்காக வந்தாலும், சிஸ்டர் சீட்டின் மேல் சிவப்பு மையில் வயதை எழுதி, பக்கத்தில் "அட்டை?" என்று போட்டுவிடுவார். சீட்டு என் கைக்கு வரும்போது கேட்காமல் இருக்க முடியாது. இதுவரை செய்ததில் அதிகம் பலன் தந்தது இதுதான், காசு செலவில்லாததும் இதுதான். கூடவே என் பழக்கம் ஒன்றையும் மாற்றிக்கொண்டேன். லேசான சளி, இருமல் என்றால்கூட "சரியாகட்டும், அப்புறம் போட்டுக்கலாம்" என்று தள்ளிப்போடுவேன். சாதாரணச் சளிக்கு ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. அப்படிப் போன பிள்ளைகள் மறுபடி வருவது அடுத்த சளிக்குத்தான்.

அட்டை ஒரு தனித் தலைவலி. வீடு மாறும்போது தொலைந்தது, ஆடிப்பெருக்கு மழையில் நனைந்தது, மாமியார் வீட்டில் இருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே தங்கிவிட்ட குடும்பங்களுக்கு அட்டை சொந்த ஊரில். "போன வருசம் கீழ விழுந்தப்ப டிடி போட்டாங்களே" என்பார்கள். அது இப்போதைய டிடியா (Td), பழைய டிடி (TT) ஊசியா என்று பெயரிலேயே குழப்பம். முன்பு போட்டது ரண ஜன்னிக்கு மட்டுமான ஊசி. 2019-க்குப் பிறகு அரசுத் திட்டத்தில் வருவது ரண ஜன்னியோடு தொண்டை அடைப்பானையும் சேர்த்துத் தடுக்கும் ஊசி. காதில் கேட்க இரண்டும் ஒன்றுதான். எழுத்து இல்லையென்றால் போடவில்லை என்றே வைத்துக்கொள்கிறோம். அம்மாக்களுக்குச் சொல்வது: அட்டையைப் போனில் படம் எடுத்து, அப்பா போனுக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள். டிடிக்காக என்னிடம் காசு கொடுக்க வேண்டியதில்லை. புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் இலவசம்.

எச்பிவி பற்றிப் பேசத்தான் எனக்குத் தெரியவில்லை. ஆரம்பத்தில் பாடப் புத்தகம் போலப் பேசினேன். இந்தக் கிருமி உடலுறவால் பரவுகிறது, அதனால் அதற்கு முன்பே போட வேண்டும் என்று பதின்மூன்று வயது மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன். அந்த அம்மா முகம் சிவந்து, "எம் புள்ளைய அப்படி வளர்க்கலீங்க டாக்டரம்மா" என்று எழுந்து போய்விட்டார். தப்பு என்னுடையது. இப்போது நோயிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். "கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ங்க. நம்ம நாட்டுல வருசத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல வருது. இது வராம தடுக்க ஊசி இருக்கு. சின்ன வயசுல போட்டா எதிர்ப்புச் சக்தி நல்லா வரும், ரெண்டு டோஸ் போதும். 15 தாண்டி ஆரம்பிச்சா மூணு போடணும்." இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எப்படிப் பரவும் என்று கேட்டால் அதையும் மறைக்காமல் சொல்கிறேன். பெரும்பாலும் கேட்பதில்லை. "எங்க சித்திக்கு இதுதாங்க வந்துச்சு" என்று அவர்களே சொல்ல ஆரம்பிக்கிறார்கள்.

அப்பாக்கள் வாட்ஸ்அப்பைக் காட்டுவார்கள். இந்த ஊசியால் ஆந்திராவில் பெண் பிள்ளைகள் செத்தார்கள் என்று வரும். 2017-இல் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாமின்போது இதே மாதிரி வதந்தியால் எத்தனை பேர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் இருந்தார்கள் என்பதைப் பார்த்தவள் நான். அதனால் "அதெல்லாம் சும்மா" என்று தட்டிவிடுவதில்லை. 2009-இல் ஆந்திராவிலும் குஜராத்திலும் நடந்த திட்டம் அது. ஏழு பிள்ளைகள் இறந்தது உண்மை. விசாரித்ததில் ஒரு பிள்ளை தண்ணீரில் மூழ்கியும், ஒரு பிள்ளை பாம்பு கடித்தும் இறந்தது தெரிந்தது. இறப்புகளுக்கும் ஊசிக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனால் பெற்றோரிடம் முறையாகச் சம்மதம் வாங்காமல், விடுதிக் காப்பாளர்களிடம் கையெழுத்து வாங்கிப் போட்டார்கள், அது தவறு என்றும் அதே விசாரணை சொன்னது. இரண்டையும் சொல்வேன். "அதுக்குத்தானுங்க உங்ககிட்ட நேர்ல கேக்கறேன்" என்றால் பாதிப் பேர் யோசிக்கிறோம் என்றாவது சொல்கிறார்கள்.

அடுத்தது பிரிட்ஜ். இதைப் படிக்கும் சின்ன கிளினிக் டாக்டர்கள் தயவுசெய்து கவனியுங்கள். எங்களிடம் இருந்தது வீட்டில் வைக்கும் ஒற்றைக் கதவு பிரிட்ஜ். 2024 ஏப்ரல் வெயிலில், மருந்து கெட்டுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் உதவியாளர் குளிர்ச்சியை முழுக்கக் கூட்டி வைத்துவிட்டார். திங்கட்கிழமை காலையில் ஐஸ் பெட்டிக்கு நேர் கீழே இருந்த டப்பாவை எடுத்தேன். குப்பியைச் சாய்த்தால் உள்ளே மருந்து அசையவில்லை. கையில் வைத்திருக்க, ஓரத்தில் மட்டும் உருகி, நடுவில் வெள்ளையாக ஒரு கட்டி மிதந்தது. பதினோரு குப்பி. ஒரு டோஸ் அப்போது ஏறக்குறைய 2000 ரூபாய். எச்பிவி, டிடி, மஞ்சள் காமாலை பி ஊசி எல்லாமே உறைந்தால் வீரியம் போய்விடும், உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் போடக் கூடாது. அத்தனையையும் கொட்டினோம். சூட்டில் கெடும் என்று பயந்தோமே தவிர, குளிரில் கெடும் என்பதை நான் யாருக்கும் சொல்லியே வைக்கவில்லை. இப்போது தடுப்பூசிக்கென்று தனி பிரிட்ஜ், உள்ளே தெர்மாமீட்டர், காலையும் மாலையும் எழுதி வைக்க ஒரு நோட்டு. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கதவுத் தட்டில் எதையும் வைப்பதில்லை.

மே மாதம் ஒரு பெண் ஊசி போட்டு எழுந்தவுடனே மயங்கிச் சரிந்தாள். காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாள். படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்ததும் இரண்டு நிமிடத்தில் கண் விழித்தாள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எந்த ஊசிக்கும் இப்படி ஆவது சகஜம். ஆனால் வெளியே காத்திருந்த இரண்டு குடும்பங்கள் அதைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் கிளம்பிவிட்டார்கள். அதில் ஒரு குடும்பம் இன்னும் வரவில்லை. அன்றிலிருந்து உள் அறையில்தான் போடுகிறோம். "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டு, இல்லையென்றால் பிஸ்கட்டும் டீயும் கொடுத்து, போட்ட பிறகு 15 நிமிடம் உட்கார வைத்துத்தான் அனுப்புகிறோம்.

ஜனவரியில் பட்ட அடிக்குப் பிறகு இரண்டாவது டோஸுக்கு முறை வைத்துக்கொண்டோம். முதல் டோஸ் போடும் அன்றே அந்தப் பிள்ளையின் பெயரில் இன்னொரு குப்பிக்குக் கணக்கு எழுதிவிடுவோம். இரண்டு போன் எண்கள் வாங்குவோம், ஒன்று பக்கத்து வீடோ தாய்மாமனோ யாராக இருந்தாலும் சரி. தேதிக்கு முந்தின நாள் சிஸ்டர் பிரிட்ஜைத் திறந்து மருந்து இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் போன் செய்வார். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் இதற்கென்றே கிளினிக் திறக்கிறோம். கம்பெனிக்குப் போகிற அம்மாக்களுக்கு வேறு நாள் ஒத்துவராது. இது எனக்குப் புரியவே ஒரு வருடம் ஆனது.

ஜனவரியில் வந்த அந்த அம்மா அக்டோபரில் மறுபடி வந்தார். கரூர்ப் பக்கம் போயிருந்து திரும்பி வந்திருக்கிறார்கள். பெண்ணுக்கு இதற்குள் 15 வயது முடிந்து நாலு மாதம். "பதினஞ்சு ஆயிருச்சு, இனி முதல்ல இருந்து மூணு போடணும்னு ஒருத்தர் சொன்னாருங்க. அவ்வளவு பணத்துக்கு எங்கீங்க போறது? எதுக்கும் உங்ககிட்ட கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்." முதல் டோஸ் 15-க்கு முன்னால் போட்டாகிவிட்டது, எத்தனை மாதம் தள்ளிப்போனாலும் பாக்கி ஒன்றுதான். ஒற்றை டோஸே நல்ல பாதுகாப்புத் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் சொல்லியிருப்பதால், இத்தனை மாதம் அவள் வெறுங்கையோடு இருக்கவில்லை என்பதையும் சொன்னேன். ஜனவரியில் திருப்பி அனுப்பியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அட, அதுக்கென்னுங்க" என்றார். அந்தப் பெண் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

நோட்டில் இரண்டாவது டோஸ் பாக்கி இன்னும் ஏழு பேர். இரண்டு பேர் இந்த ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் பிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். நாலு குப்பி இருக்கிறது, 4 டிகிரி.