ஒரு நாளைக்கு ஒரு சீட்டு

விடியற்காலை ஐந்து மணிக்கு, நல்லூர்க் கோயில் மணியோசை எங்கள் ஒழுங்கை வரை வந்து சேரும் நேரத்தில், கைத்தொலைபேசியைத் தொடுவதற்கு முன்பாக குறி சொல்லப் பயன்படுத்தும் டாரட் படச் சீட்டுக்கட்டிலிருந்து ஒரேயொரு சீட்டை எடுத்து, அதைப் பார்த்துக் கொப்பியில் அரைப் பக்கம் எழுதுவதை ஏழு மாதங்களாகப் பழகி வருகிறேன். முதல் நாளே அதைக் கண்ட அம்மா, “சாத்திரம் பாக்கப் பழகுறியோ?” என்று கேட்டார். “இல்லையம்மா, கொப்பி எழுதப் பழகுறன்” என்றேன். அவர் நம்பவில்லை. வெள்ளைக் குதிரையில் எலும்புக்கூடு வரும் பதின்மூன்றாம் சீட்டைக் கண்ட பிறகு, அந்தக் கட்டைச் சாமியறைப் பக்கம் கொண்டுவரவே கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

இந்தச் சீட்டுகள் சாத்திரத்துக்கென்று பிறந்தவை அல்ல. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுக்காக உருவான அவற்றோடு, குறி சொல்லும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில்தான் பரவலாக ஒட்டிக்கொண்டது. 78 சீட்டுகளுள் தனியே நிற்கும் 22 படச் சீட்டுகளில் பெரும்பாலானவை, நமது 304 சீட்டாட்டத்தில் மற்றச் சீட்டுகளை வெட்டும் துரும்பு செய்யும் வேலையையே அங்கே செய்தன. என்னிடம் இருப்பது 1909இல் லண்டனில் வெளிவந்த, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டின் மறுபதிப்பு. அதில் சாதாரண எண் சீட்டுகளிலும் மனிதர்கள் எதையாவது செய்துகொண்டிருப்பதால், எழுதுவதற்கு விடயம் அகப்படாமல் போவதில்லை.

ஒருநாள் ‘கிண்ணம் நான்கு’ என்ற சீட்டு வந்தது. மரத்தடியில் கைகளைக் கட்டியபடி ஓர் இளைஞன் அமர்ந்திருக்கிறான். எதிரே மூன்று கிண்ணங்கள் இருக்கின்றன. மேகத்திலிருந்து நீளும் ஒரு கை நான்காவதை நீட்டுகிறது. அவனோ எதையும் ஏறெடுத்துப் பார்ப்பதாக இல்லை. எனது ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை வாசித்துத் திருத்தித் தருவதாக அயலிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தாமாகவே கூறி மூன்று வாரங்கள் கடந்திருந்தன. பிழைகளைக் கண்டுவிடுவாரே என்ற வெட்கத்தால், நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தைப் பற்றி எழுதத் தொடங்கி நான்காவது வரிக்கு வருவதற்குள், கையைக் கட்டிக்கொண்டிருப்பவன் யார் என்பது தெரிந்துவிட்டது. சீட்டு எதையும் அறிந்து வந்ததன்று. வேறொரு சீட்டு வந்திருந்தால் வேறொரு பொய் அகப்பட்டிருக்கும்.

ஆயினும் எனக்குக் கடினமாக இருந்தது எழுதுவதன்று, பிடிக்காத சீட்டைத் திரும்பக் கட்டுக்குள் செருகாமல் இருப்பதுதான். கோயிலில் பூக்கட்டிப் பார்த்து, நினைத்த நிறம் வராவிட்டால் “இன்னொருக்காப் பாப்பம்” என்பவர்களைக் கண்டு சிரித்திருக்கிறேன். முதல் மாதத்தில் நானும் அதையே செய்தேன். ஒரு காலையில் மூன்று முறை எடுத்ததும் உண்டு. பின்னர், இரண்டாவது சீட்டுக்குக் கை நீட்டினால் அன்றைய மாலைத் தேநீர் இல்லை என்று ஒரு விதி வைத்தேன். யாழ்ப்பாணத்து வெயிலில் வேலை முடிந்து வருபவனுக்கு அது சிறிய தண்டனையன்று.

கடந்த வாரம் முதற்கொப்பியை எடுத்து ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். அதில் அதிகமாக வந்திருந்த சொல் “நாளைக்கு”. சிவப்பு மையால் அவற்றை அடிக்கோடிட்டு எண்ணிக்கொண்டு போனேன். நாற்பத்தொன்றுக்கு மேல் எண்ண மனம் வரவில்லை. முதல் அத்தியாயம் இப்போது அந்த ஆசிரியரின் மேசையில் இருக்கிறது.