சிப்பிக்குச் சீட்டு எழுதும் பாட்டி

சானிபல் தீவுக்குப் போனால் முதுகு வலிக்கும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். வலித்தது. ஃபுளோரிடாவின் மேற்குக் கரைத் தீவுகள் பெரும்பாலும் கரையை ஒட்டித் தெற்கு வடக்காகக் கிடக்க, இது கிழக்கு மேற்காக மெக்சிகோ வளைகுடாவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அலை உருட்டிவரும் சிப்பியும் சங்கும் இங்கே ஒதுங்கிவிடுகின்றன. கடற்கரை நெடுக ஆட்கள் நாற்று நடுகிறவர்களைப் போலக் குனிந்தே நடக்கிறார்கள்.

உயிருள்ளதை எடுக்க 1995 முதல் தடை. வெற்று ஓடுகளாகப் பொறுக்கிய பையோடு சிப்பிக் கண்காட்சிக்குப் போனேன். 1937இல் தொடங்கிய விழா அது.

அங்கே ஓர் ஓரத்து மேசையில், எண்பதை எட்டிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், கட்டைவிரல் அகலச் சீட்டுகளில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார். சிப்பி சேகரிப்போர் சங்கத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சம்பளமில்லாமல் இதைத்தான் செய்கிறாராம். சங்கத்தில் யாராவது இறந்தால் பிள்ளைகள் செருப்புப் பெட்டிகளில் ஓடுகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். இவர் ஒவ்வொன்றையும் துடைத்து, இனம் கண்டு, எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று எழுதுவார். மை என்றால் நனைந்ததும் ஊறிவிடும், அதனால் பென்சில். 2022 செப்டம்பரில் இயன் சூறாவளி தீவுக்கு வரும் பாலத்தையே அறுத்துப்போட்டபோது, தண்ணீரில் ஊறிய சீட்டுகளைத் துணிக்கொடியில் காயவைத்து மீட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவருக்குப் பரம எதிரி ஓக் மர இழுப்பறை. மரத்திலிருந்து கசியும் அமில ஆவி ஓட்டின் சுண்ணாம்பைத் தின்று வெள்ளைப் பொடியாகப் பூக்கவைக்கும். போன பளபளப்பு திரும்பாது. ஒரு குளிர்காலம் முழுக்கத் தனியாளாக உட்கார்ந்து சங்கத்தின் சேகரிப்பை எஃகு அலமாரிக்கு மாற்றினாராம். மேடையில் பரிசு வாங்கியவர்களின் படங்கள் சுவரெல்லாம் இருந்தன. இவர் படத்தைத் தேடினேன், இல்லை.

என் பையிலிருந்து ஒரு சங்கை எடுத்து நீட்டினேன். வலம்புரி! கை நடுங்கியது. "இந்த இனமே இப்படித்தான் சுழலும், இங்கே இது சாதாரணம்" என்றார். நம் ஊரில் இதையே அசல் வலம்புரி என்று பக்தர்கள் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. உள்தண்டில் அழுத்தமான மூன்று நான்கு மடிப்புகள் இருந்தால்தான் நம் சங்கு. இதில் அவை இல்லை.

"எந்தக் கடற்கரையில் எடுத்தீர்கள்?" என்று பென்சிலைத் தூக்கினார். காலையில் ஓரிடம், மதியம் ஓரிடம், எல்லாம் ஒரே பையில். விழித்தேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் இரண்டு பைகளும் ஒரு பென்சிலும் வாங்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன்.